மலையுச்சித் தீக்காவல் கோபுரங்கள்: முதன்முறை ஏறுபவர்களுக்கு ஒரு வழித்துணை

பில்சக் மலையுச்சியில் இருக்கும் தீக்காவல் குடிலுக்கு முதன்முறை சென்றபோது இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிட்டேன். இறங்க நான்கரை மணி நேரம் ஆனது. ஏறியதைவிட இறங்க இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்டால், வழி தவறியதுதான் காரணம். அதை எப்படித் தவிர்ப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தண்ணீர், தொப்பி, நல்ல காலணி போன்றவற்றைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே. 1910 ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா, வாஷிங்டன் பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் முப்பது லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. புகையை முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின் வலுத்தது. மலையுச்சிகளில் மரக் குடில்களும் கோபுரங்களும் எழுந்தன. 1930களில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு தொடங்கிய படை இவற்றில் பலவற்றைக் கட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்தே எதிரி விமானங்கள் வருகின்றனவா என்றும் பார்த்திருக்கிறார்கள். பிறகு விமானமும் கேமராவும் வந்தன; பெரும்பாலான குடில்கள் இடிந்தன, அல்லது எரிக்கப்பட்டன. மிஞ்சியவற்றைத் தேடித்தான் இப்போது ஏறுகிறோம். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பரண் கட்டிய மொழி நம்முடையது என்பதால் வீட்டில் இவற்றைப் ‘பரண்’ என்றே சொல்கிறோம். “இந்த வாரம் எந்தப் பரண்?” என்பாள் என் மகள்.

படி 1: எளிதான பரணில் தொடங்குங்கள்

முதலில் ஹேபுரூக். இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் இன்டெக்ஸ் ஊருக்கு அருகே சாலையோரத்திலேயே பாதை தொடங்குகிறது. ஒரு வழி 1.3 மைல், ஏற்றம் 850 அடி. தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கும். மேலே 67 அடி உயரக் கோபுரம். உச்சியிலுள்ள அறையைத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆகவே அதற்குக் கீழே உள்ள தளத்தோடு நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்தே எதிரே இன்டெக்ஸ் மலை கண்ணை நிறைத்துவிடும்.

அடுத்தது ரெய்னியர் தேசியப் பூங்காவில் உள்ள ஃப்ரீமான்ட். 1934இல் கட்டியது. சன்ரைஸ் என்னும் இடம் வரை காரிலேயே 6,400 அடிக்குப் போய்விடலாம் என்பதால் 7,181 அடியில் இருக்கும் குடிலை எட்டுவது அவ்வளவு கடினமில்லை. போக வர 5.6 மைல். பாதி வழியில் ஃப்ரோசன் லேக் என்ற ஏரிக்கருகே பல பாதைகள் கூடும் இடத்தில் மட்டும் பலகையை நிதானமாகப் படியுங்கள். ஏரியைச் சுற்றி வேலி இருப்பதைப் பார்த்து எரிச்சலடைய வேண்டாம். சன்ரைஸின் குடிநீர் அது. மலை ஆடுகள் வந்தால் விலகி நில்லுங்கள். வியர்வை உப்புக்காகக் கிட்டே வரும்; கொம்பு கூர்மையானது.

இந்த இரண்டையும் முடித்தவர்கள் பில்சக்குக்கு வாருங்கள். போக வர 5.4 மைல், ஏற்றம் 2,300 அடி, உச்சி ஏறத்தாழ 5,300 அடி.

படி 2: எந்த அனுமதி அட்டை?

புதியவர்கள் குழம்பும் இடம். பில்சக்குக்குப் போகும் சாலை தேசிய வனத்தின் வழியே செல்கிறது. பாதை தொடங்கும் இடமோ மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆகவே மாநிலத்தின் டிஸ்கவர் பாஸ் வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை என் காரில் இருந்தது. அது அங்கே செல்லாது. மேலே கைப்பேசி சமிக்ஞையும் கிடையாது, நின்ற இடத்தில் வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். நான் கிரானைட் ஃபால்ஸ் ஊர் வரை திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனேன். ஃப்ரீமான்டுக்கு நேர்மாறு: அங்கே தேசியப் பூங்கா அட்டைதான்.

படி 3: எப்போது?

ஆகஸ்டும் செப்டம்பரும். சன்ரைஸ் சாலை ஜூன் கடைசியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில்தான் திறக்கும். பில்சக் சாலை அதற்கு முன்பே திறந்திருக்கும் என்பதுதான் வினை. ஜூன் மாதம் கீழே சியாட்டிலில் சட்டை நனைய வெயில் அடிக்கும். மேலே பாதையின் கடைசி ஒரு மைல் பனிக்குள் கிடக்கும். நான் போனது ஜூன் மூன்றாம் வாரம்.

படி 4: ஏறும்போதே திரும்பிப் பாருங்கள்

இங்கேதான் நான் தவறு செய்தேன்.

பில்சக் பாதையின் கீழ்ப்பகுதி காட்டுக்குள் தெளிவாகப் போகிறது. ஒரு காலத்தில் பனிச்சறுக்குத் தளமாக இருந்த சரிவையும் தாண்டுவோம். அதன்பின் பெரும் பாறைக் குவியல்கள். அங்கே மண்ணில் பதிந்த பாதை இல்லை. பாறையில் இருக்கும் ஆரஞ்சு நிற அடையாளங்களைப் பார்த்துப் போக வேண்டும். ஏறும்போது இது பெரிய விஷயமில்லை. உச்சி ஒன்றுதான், எல்லா வழியும் மேலேதான் கூடுகின்றன. எந்தப் பாறையில் கால் வைத்தாலும் குடிலின் ஏணியில் போய் முடிந்துவிடலாம்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். உச்சியிலிருந்து இருபது வழிகள் பிரிகின்றன. அவற்றில் ஒன்றுதான் கார் நிற்கும் இடத்துக்குப் போகிறது. நான் குடிலுக்குள் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த வரலாற்றுப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது மேகம் வந்து சூழ்ந்துவிட்டது. வெளியே வந்தால் பதினைந்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அடையாளங்கள் பாதி பனிக்கடியில். ஆனால் பனியில் அழகாகக் காலடித் தடங்கள் இருந்தன. நாலைந்து பேர் நடந்த தடம். நம்பி இறங்கினேன்.

அந்த நாலைந்து பேரும் என்னைப் போலவே வழி தவறியவர்கள் என்பது, தடம் ஒரு செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில் நின்று, அங்கிருந்து திரும்பி வந்திருப்பதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது. பனியை அடியிலிருந்து ஓடை அரித்துக் கூடாக்கியிருந்தது. மெல்லப் பின்வாங்கி, என் தடத்தின் மீதே மறுபடி உச்சி வரை ஏறினேன். மேகம் விலகக் காத்திருந்தேன். அதுதான் அந்த நான்கரை மணி நேரம்.

இப்போது செய்வது இது. பாறைப்பகுதி தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் நின்று, உடலை முழுக்கத் திருப்பி, இறங்கும்போது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறேன். முக்கியமான இடங்களில் கீழ்நோக்கி ஒரு படம் எடுக்கிறேன். பனித்தடத்தை நம்புவதேயில்லை. வழி ஐயமானால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த அடையாளத்துக்குத் திரும்புகிறேன். ‘கீழே போனால் எங்காவது பாதை வந்துவிடும்’ என்ற நினைப்பை அங்கேயே விட்டுவிடுகிறேன். பள்ளங்கள் கீழே போகப் போகச் செங்குத்தாகும்.

படி 5: கருவிகள்

கைப்பேசியில் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது கால்டோப்போ என்ற செயலி. சரிவின் செங்குத்தை நிறத்தால் காட்டும், எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பது சிவப்பாகத் தெரிந்துவிடும். கூடவே காகித வரைபடமும் வைத்திருக்கிறேன். குளிரில் கைப்பேசி உயிரைவிடுவது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

பனி இருந்தால் காலணிக்கு மேல் மாட்டும் இரும்பு முட்கள் (மைக்ரோஸ்பைக்ஸ்) உதவும், ஆனால் செங்குத்தான பனிக்கு அது போதாது. அப்படிப்பட்ட நாளில் திரும்பிவிடுவேன். ஊன்றுகோலைப் பாறைப்பகுதியில் மடக்கிப் பையில் வையுங்கள். கைகள் இரண்டும் வேண்டும்.

படி 6: மேலே போய் என்ன பார்ப்பது?

காட்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ரெய்னியர், பேக்கர் மலைகள் தாமே தெரியும். நான் தேடுவது அறையின் நடுவில் தீக்காட்டி நின்ற இடத்தை. ஆஸ்போர்ன் என்ற வனத்துறை ஊழியர் 1911 வாக்கில் உருவாக்கிய கருவி. வட்ட வரைபடத்தின் மையத்தில் கோபுரம்; சுற்றியுள்ள வளையத்தைச் சுழற்றிப் புகையைக் குறிவைத்தால் எத்தனை பாகை என்று படிக்கலாம். இன்னொரு மலையிலிருப்பவரும் தன் பாகையைச் சொன்னால், இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தீ இருக்கிறது.

இடி இடிக்கும்போதும் காவலர்கள் பணியில் இருந்தார்கள், கால்களில் மின்சாரம் கடத்தாத கண்ணாடிக் குமிழ் பொருத்திய சிறு பீடத்தின் மேல் நின்றுகொண்டு. உங்களிடம் அந்தப் பீடம் இருக்காது. தொலைவில் முதல் இடி கேட்டதுமே இறங்கத் தொடங்குங்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னலுக்கு மிக உயரமான இலக்கு அந்தக் குடில்தான்.

பின்சேர்க்கை

ரெய்னியர் பூங்காவிலேயே இருக்கும் இன்னொரு பரணான டால்மி சிகரத்தை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏரிக்கு மேலே நிற்கும் அந்தக் குடில் 1933இல் கட்டியது; எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. ஆனால் அங்கு செல்லும் 165ஆம் எண் சாலையில் கார்பன் ஆற்றின் மீதிருந்த பழைய பாலத்தை 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பழைய குறிப்புகளை நம்பிக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொருவர் ஏழு வயதுக் குழந்தையைப் பில்சக்குக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். பாறைப்பகுதி தொடங்கும் இடம் வரை தாராளமாக. கடைசி ஏணியை நான் என் மகளுக்குப் பத்து வயதான பிறகுதான் காட்டினேன்; அப்போதும் அவள் முன்னால், நான் பின்னால்.