வீட்டுச் சூட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரைல புதுசா வீடு கட்டின தம்பி ஒருத்தர் போன்ல வீட்டுச் சூடு ஏறி இறங்குற கிராஃப் காட்டினார். "அண்ணே, மேற்கு சுவர்தான் பிரச்சனை, வெளிப்பக்கம் இன்னொரு சுவர் எழுப்ப மேஸ்திரிகிட்ட பேசிட்டேன்"னார். சூட்டை அளக்குற சென்சார் எங்க இருக்குன்னு கேட்டா, அதே மேற்கு சுவத்துல டபுள் டேப் போட்டு ஒட்டியிருக்கார். பகீர்னு ஆயிடுச்சு, பத்து வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே வேலை. பேட்டரி தீர்ந்தது, டைம் தப்பா செட் பண்ணதெல்லாம் தானா சரியாகிடும், விட்டுடறேன்.

சென்சாரை சுவத்துல ஒட்டிட்டு பணத்தை இறக்குறது

சுவத்துல ஒட்டினா அது சுவத்தோட சூட்டைத்தான் சொல்லும், ரூமோட சூட்டை இல்ல. மேற்கு சுவர் சாயங்காலம் கொதிக்கும், கிராஃபும் அந்நேரம் கிடுகிடுன்னு ஏறும், அதைப் பாத்துத்தான் நானும் ஏஏசி பிளாக் (உள்ள காத்துக்குமிழ் நிறைஞ்ச லேசான கட்டடக் கல்) வாங்கி வெளிப்பக்கம் சுவர், பூச்சு, சன்ஷேட்னு ஒண்ணே முக்கால் லட்சம் செலவு பண்ணேன். அடுத்த மே மாசமும் ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் அனலைத்தான் இறக்குச்சு, என் பொண்ணு தரையில ஈரத்துணி விரிச்சு படுத்தா. அப்புறம்தான் தொடாமலே மேற்பரப்போட சூட்டைச் சொல்ற ஐஆர் கன் வாங்கி அண்ணாந்து காட்டினேன். சீலிங் 40 டிகிரி. செலவு பண்ணின சுவர் 33. இன்னைக்கு நினைச்சாலும் ஆத்திரமா வருது.

மேற்கு சுவர் மதியத்துக்கு மேலதான் வெயில் வாங்குது, மொட்டைமாடி காலையிலேருந்து வாங்குது. ஆறு இன்ச் கான்கிரீட் அந்தச் சூட்டை கீழ இறக்க நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதனால மதியம் ரெண்டு மணிக்கு அளந்துட்டு பரவால்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, ராத்திரி அளங்க. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல எத்தனை வாட் சூடு கடக்குதுங்கறதுதான் யு-வேல்யூ. வீடுகளுக்காக 2018ல வந்த மத்திய அரசோட எரிசக்தி சிக்கன விதித்தொகுப்பு ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு அது 1.2ஐ தாண்டக்கூடாதுங்குது. வெறும் கான்கிரீட் அதுல ரெண்டு மடங்குக்கு மேல நிக்கும்.

சென்சாரை ரூம் நடுவுல, கட்டில் உயரத்துக்குப் பக்கமா தொங்கவிடுங்க, வெயிலோ ஃப்ரிட்ஜ் சூடோ படாம. இன்னொரு சென்சாரை, கறுப்பு மேட் பெயிண்ட் அடிச்ச டேபிள் டென்னிஸ் பந்துக்குள்ள விட்டு பக்கத்துலயே தொங்கவிடுங்க. பந்து ரெண்டு மூணு டிகிரி கூட காட்டினா, சுத்தியிருக்கற கான்கிரீட் உங்க மேல சூட்டை வீசுதுன்னு அர்த்தம். அது கூரையா சுவரான்னு ஐஆர் கன் சொல்லிடும்.

ஐஆர் கன்னை பளபளக்குற தகரத்துல காட்டுறது

தப்பா காட்டும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது மேல காட்டுங்க.

வேலை முடிஞ்சப்புறம் அளக்க ஆரம்பிக்கிறது

மொட்டைமாடியில வெயிலைத் திருப்பி அனுப்புற கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்ச பிறகு, சூட்டை விடாம பதிவு பண்ற லாகர் வாங்குறவங்கதான் நிறைய. முன்னாடி ரெண்டு வாரமாவது ஓடணும், வெளியில நிழல்ல ஒரு சென்சாரும் வேணும். இல்லன்னா வீடு குளுந்தது பெயிண்டாலயா, நடுவுல பெஞ்ச கோடை மழையாலயான்னு பிரிக்கவே முடியாது.

கரண்ட் பில்லை வச்சு முடிவு பண்றது

ரெண்டு மாச பில்லுல மோட்டார், ஹீட்டர், விருந்தாளி எல்லாம் கலந்திருக்கும். ஏசிக்கு தனியா சப்-மீட்டர் போடுங்க.

மார்கழியில அளக்குறது

வேண்டாம். கத்திரியில அளங்க.

தம்பி அன்னைக்கே சென்சாரை பிச்சு எடுத்துட்டார். மே முடியற வரைக்கும் மேஸ்திரியை வரச்சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கார்.