பனோரமா ஊசித்துளைக் கேமரா: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலம் சமவெளி முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க 120 ஃபிலிமில் (தாளோடு சுற்றி வரும் அகலமான ரோல் ஃபிலிம்) ஊசித்துளைக் கேமரா, அதாவது லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டும் உள்ள கேமரா, கட்டுகிறவர்கள், படத்தின் நடுவைப் பார்த்தே திருப்தியடைந்துவிடுகிறார்கள். கோளாறெல்லாம் ஓரத்தில்தான் தெரியும். கீழுள்ள அளவுகள் 56 × 168 மி.மீ. படத்துக்கு, துளைக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 90 மி.மீ.

ஃபிலிமைத் தட்டையாக வைக்காதீர்கள். நடுவுக்கு 90 மி.மீ. என்றால் ஓரத்துக்கு 123 ஆகிவிடும்; ஏறத்தாழ 1.8 ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). 90 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் இழப்பு முக்கால் ஸ்டாப்தான். பார்வையும் 107 பாகைக்கு விரியும்.

வளைப்பதிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. பின்சுவரை வளைத்து, அதன் உட்புறமாக ஃபிலிமை ஓட்டுகிறார்கள். ஃபிலிம் சுற்றும் குமிழைத் திருகியதும் ஃபிலிம் விறைத்துச் சுவரை விட்டு விலகும். வில்லாக இருக்க வேண்டியது நாணாகிவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வளைந்த சட்டங்கள் வைத்து, அவற்றின் பின்பக்கமாக ஃபிலிமைக் கொண்டுபோங்கள். இழுக்க இழுக்கச் சட்டத்தோடு படியும். ஃபிலிம் அகலம் சுமார் 61 மி.மீ. என்பதால் தாங்கலுக்குப் பக்கத்துக்கு 2.5 மி.மீ.தான் கிடைக்கும். சட்டத்தின் பிளைவுட் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக இழைக்காவிட்டால் மரத்தூள் ஃபிலிமில் விழுந்து, பிரிண்ட்டில் கரும்புள்ளியாக நிற்கும்.

துளை 0.42 மி.மீ. இருக்கட்டும். ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்துப் பார்த்தால் குறுக்கே 40 பிக்சல் வர வேண்டும். விட்டத்தைக் கவனிக்கிறவர்கள்கூடத் துளை போடும் தகட்டின் தடிமனை மறந்துவிடுகிறார்கள். 0.2 மி.மீ. தகட்டில் ஓரத்துக்குச் சாய்ந்து போகும் ஒளிக்குத் துளையின் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் தகடு மெலிதாக்கும் உருளை உண்டு, பித்தளையை 0.1 வரை அங்கே இறக்கி, மீதியை உப்புத்தாளில் தேய்த்து 0.05க்குக் கொண்டுவரலாம்.

எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலைப் பின்பக்கத்தின் சரிநடுவில், ஃபிலிமின் பின்தாளில் அச்சிட்டிருக்கும் 6×6 (சதுரப் படத்துக்கான) எண்வரிசைக்கு நேராக வையுங்கள். 2, 5, 8, 11 என்று நிறுத்தினால் நான்கு படம். 1இல் தொடங்கினால் முதல் படத்தின் ஒரு பக்கம் ஃபிலிமுக்கு வெளியே போய்விடும். பார்க்காத நேரத்தில் ஜன்னலுக்கு மூடி கட்டாயம்.

மலையேறியதும் பள்ளத்தாக்கைப் பிடிக்கக் கேமராவைக் குனிய வைக்கத் தோன்றும். வேண்டாம், தொடுவானம் வானவில்போல் வளைந்துவிடும். கட்டும்போதே துளையை நடுவிலிருந்து 10 மி.மீ. கீழே இறக்கி, படமெடுக்கும்போது ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். தொடுவானம் நேராக நிற்கும். கீழ்ப்பக்கம் 23 பாகை வரை பதியும்.

வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு 2 விநாடி போதும். மூடுபனி இறங்கினால் ஒளிமீட்டர் 30 விநாடி என்று காட்டலாம். நீண்ட நேரம் திறக்கும்போது ஃபிலிமின் உணர்திறன் குறையும் என்பதால், அதை அப்படியே கொடுத்தால் நெகட்டிவ் வெளிறிவிடும்; இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் என்றால் 72 விநாடி திறந்து வையுங்கள்.