குட்லாடம்பட்டி அருவிப் பக்கம் அரைநாள் மலையேற்றம்: முதன்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

மதுரைக்காரர்களுக்கு அருவி என்றதும் குற்றாலம், சுருளி, கும்பக்கரைதான் ஞாபகம் வரும். நம் மாவட்டத்துக்குள்ளேயே, வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் சிறுமலை அடிவாரத்தில் குட்லாடம்பட்டி இருக்கிறது. அங்கே இருப்பதைத் தாடகை நாச்சி அருவி என்றும் சொல்வார்கள். விடியலில் கிளம்பினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். முதல் மலையேற்றத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மலை கிடைப்பது பெரிய வசதி. ஆனால் பக்கத்தில்தானே இருக்கிறது என்று திட்டமில்லாமல் போகக் கூடாது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

குற்றால சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அது தென்மேற்குப் பருவமழை தரும் தண்ணீர். சிறுமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது, வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் இங்கே அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை தண்ணீரை எதிர்பார்க்கலாம். மே மாதம் போனால் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். என்னைக் கேட்டால் டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் நல்லது. பெருமழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் உறைக்காது.

2. அனுமதி வாங்குங்கள்

இதை முடிக்காமல் வாட்ஸ்அப் குழுவில் தேதி போடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதி வந்தது. அதில் குட்லாடம்பட்டித் தாடகை மலைப் பாதையும் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

அருவிக்கு அனுமதி உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கஜா புயலில் படிகள் சேதமாகி நீண்ட காலம் பொதுமக்களை விடாமல் இருந்த இடம் அது. கோடையில் தீ அபாயம் இருக்கும்போது மலைப்பாதைகளையும் மூடிவிடுவார்கள்.

3. திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் 'எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?' என்றுதான் பேச ஆரம்பிப்பார்கள். நீங்கள் 'எத்தனை மணிக்குக் கீழே இறங்கியாக வேண்டும்?' என்று ஆரம்பியுங்கள். பருவமழைக் காலத்தில் நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். அதனால் 1 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதை ஒரு வழி 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மொத்தம் 1 மணி 18 நிமிடம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள், நம் ஊர்ப் புழுக்கம், நடுவே போட்டோ எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கி இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். 7 மணிக்கு ஏறினால் 9:30-க்கு மேலே. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு 10:30-க்குத் திரும்பினால், நிதானமாக நடந்தாலும் 12:30-க்குக் கீழே வந்துவிடலாம். மீதி அரை மணி நேரம் கையிருப்பு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, 10:30 ஆனால் திரும்பிவிட வேண்டும். இதை எல்லாரும் முந்தின நாளே ஒப்புக்கொள்ளட்டும்.

4. ஆட்கள்

ஐந்தாறு பேர் போதும். மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு, முழங்கால் வலி இருந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னால் அதே பையை மாட்டிக்கொண்டு அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை நடந்து பாருங்கள். யார் மெதுவாக நடக்கிறார் என்று அன்றே தெரிந்துவிடும். வழிகாட்டிக்கு அடுத்தபடி அவரை விடுங்கள். நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். மெதுவாக நடப்பவர் பின்னால் இருந்தால், அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் இளைப்பாறி முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

5. பை

ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ், தொப்பி, மழைக்கோட்டு, மாற்றுத் துணி, விசில், டார்ச், பேண்டேஜ். நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும், பழகிய ஷூவாகவும் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரையை வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள், சீக்கிரம் கெடாது. நடக்கும்போது மெல்லக் கடலைமிட்டாய். குரங்குகள் உண்டு என்பதால் தின்பண்டக் கவரைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். சென்ட் வேண்டாம், தேனீக்கும் குளவிக்கும் அது ஆகாது.

6. போகும் வழி

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டி போய், அங்கிருந்து குட்லாடம்பட்டிக்குத் திரும்ப வேண்டும். பஸ் என்றால் ஊருக்குள் வருமா, பைபாஸில் போய்விடுமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். 7 மணிக்கு ஏற வேண்டுமென்றால் வேனோ காரோதான் சௌகரியம். 5:30-க்குக் கிளம்பினால் வழியில் டீக்கும் நேரம் இருக்கும்.

7. பாறையும் தண்ணீரும்

இந்த இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஈரப்பாறையில் கரும்பச்சையாக மினுங்குவது பாசி. அதன் மேல் எந்த ஷூவும் நிற்காது. சொரசொரப்பாக, வெளிறித் தெரியும் இடமாகப் பார்த்து முழுப் பாதத்தையும் பதியுங்கள். கால் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே அடுத்த காலை எடுங்கள். ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

அனுமதி இருந்தாலும் தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். நம் தலைக்கு மேல் வெயிலடிக்கும்போதே மலை மேல் மழை கொட்டியிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். பொருள் எதையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

சிறுமலையில் காட்டுமாடு உண்டு. பார்த்தால் சத்தம் போடாமல், போட்டோவுக்காக நெருங்காமல், வழிகாட்டி சொல்கிறபடி பின்வாங்குங்கள்.

8. வீட்டுக்கு ஒரு தகவல்

மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஏறும் முன் வீட்டில் ஒருவருக்குப் பாதையின் பெயர், உடன் வருபவர்கள், வழிகாட்டியின் எண், இறங்கும் நேரம் நான்கையும் அனுப்புங்கள். 3 மணி வரை தகவல் இல்லையென்றால் வழிகாட்டியையும் வனத்துறையையும் கூப்பிடச் சொல்லுங்கள். இறங்கியதும் முதல் போன் அவருக்குத்தான்.

சாப்பிட்ட இலை, கவர், பாட்டில் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்து, வாடிப்பட்டியில் குப்பைத்தொட்டி பார்த்துப் போட்டுவிட்டு வண்டியேறுங்கள்.