எலக்ட்ரோஸ்பின்னிங்: இழை கெடுவது வோல்டேஜால் அல்ல

பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசிமுனையிலிருந்து தாரையாக இழுத்து நானோ இழையாக்குவதுதான் எலக்ட்ரோஸ்பின்னிங். அதில் இழைக்குப் பதில் மணிமணியாக விழுந்தால் பலர் முதலில் திருகுவது வோல்டேஜ் குமிழைத்தான். 15 கிலோவோல்ட் 20 ஆகும், 25 ஆகும். மணி மட்டும் போகாது. பெரும்பாலும் கோளாறு கரைசலில் இருக்கும். உதாரணத்துக்குப் பலரும் கைபழகும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரையே, அதாவது பிவிஏவையே, எடுத்துக்கொள்வோம்.

ஊசிமுனையிலிருந்து பாயும் தாரையைத் துளிகளாக உடைக்கப் பார்ப்பது பரப்பு இழுவிசை. அதைத் தடுப்பது பாலிமர் சங்கிலிகளின் பின்னல். மூலக்கூறு எடை ஒரு லட்சத்தை ஒட்டிய பிவிஏ என்றால் கரைசலின் எடையில் 8 முதல் 10 சதவீதம் வேண்டும். 5 சதவீதத்தில் பின்னல் போதாது. பாட்டிலில் போட்டிருக்கும் மூலக்கூறு எடையைப் பார்க்காமல் வேறொருவரின் சதவீதத்தை அப்படியே எடுத்தாலும் இதே கதிதான்: மூலக்கூறு எடை குறைந்த பிவிஏவுக்குச் செறிவு கூடுதலாக வேண்டும்.

கரைப்பதிலும் தவறு நடக்கும். கொதிநீரில் தூளைக் கொட்டினால் வெளிப்பக்கம் கூழாகி உள்ளே உலர்ந்த கட்டி நிற்கும். 91 கிராம் குளிர்ந்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 9 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, பிறகு 80–90 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். மூடி அவசியம், நீர் ஆவியானால் கணக்கே மாறிவிடும். ஆறிய பின் குமிழி அடங்கும்வரை விட்டுவைக்க வேண்டும், ஒரு குமிழி போதும் தாரை அறுந்துபோக. பிவிஏ, பாலிவினைல் அசிடேட்டை ஹைட்ரலைஸ் செய்து, அதாவது அசிடேட் தொகுதிகளை ஆல்கஹாலாக மாற்றி, கிடைப்பது. 98–99 சதவீதம் ஹைட்ரலைஸ் ஆன வகை இன்னும் முரண்டு பிடிக்கும். அதற்குப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 ஒரு துளி உதவும். தொடக்கத்தில் 87–89 சதவீத வகையே நல்லது.

இயந்திரத்தில் ஊசிக்கும் இழை படியும் தகட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி, பம்பு தள்ளும் கரைசல் மணிக்கு 0.5 மி.லி., 15–18 கிலோவோல்ட் என்று தொடங்கலாம். சொட்டினால் பம்பைக் குறையுங்கள். ஊசிமுனையில் தாரை கிளம்பும் கரைசல் கூம்பு ஊசிக்குள் பின்வாங்கினால் வோல்டேஜைக் குறையுங்கள். சிரிஞ்சை மாற்றிவிட்டு அதன் உள்விட்டத்தைப் பம்பில் மாற்ற மறந்தால் திரையில் தெரியும் அளவு வெறும் பொய். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் மழைநாளில் நீர் உலராமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தியதும் ஊசியைத் தொடாதீர்கள். எர்த் கம்பியால் மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கை வைக்கலாம்.

கிடைத்த இழை விரிப்பை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். குளூட்டரால்டிஹைடு ஆவியில், சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன், குறுக்கிணைப்பு, அதாவது பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தல், செய்தாக வேண்டும். அது ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள்தான், ஆவி நச்சு.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளக்கும்போது பலர் அழகான நாலு இழையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பல படங்களில் நூறு இழையாவது அளக்க வேண்டும். நுண்ணோக்கிக்காக இழைமேல் பூசும் 10 நானோமீட்டர் தங்கப்பூச்சு விட்டத்தில் 20 நானோமீட்டரைக் கூட்டும். 200 நானோமீட்டர் இழைக்கு அதுவே 10 சதவீதப் பிழை.