பின்வளவில் குருவிக்குத் தீனி, அணிலுக்குத் தடுப்பு

ஊரில் சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைத்த பழக்கத்தில், கனடாவில் ஸ்காபரோ வந்த முதல் பனிக்காலம் பின்வளவில் மிஞ்சிய சோற்றை அப்படியே கொட்டினேன். குருவி வரவில்லை, எலிதான் வந்தது. ஆகவே தரையில் எதுவும் போடாதீர்கள், பாணும் வேண்டாம்.

கறுப்புச் சூரியகாந்தி விதை மட்டும் வாங்கி, கம்பத்தில் தொங்கும் தீனிக்குழாயில் போடுங்கள். மலிவான கலவைப் பைகளில் சிவப்புச் சோளத்தைப் போட்டு எடை கூட்டியிருப்பார்கள், சின்னக் குருவிகள் அதைத் தள்ளிவிட்டுத் தனக்கு வேண்டியதை எடுக்கும், தள்ளியதெல்லாம் கீழே விழுந்து எலிக்கு விருந்து. சிக்கடீ என்ற இந்த ஊர்ச் சின்னக் குருவி சாப்பிடுவதைப் பாருங்கள்: ஒரேயொரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறந்து, இரண்டு காலுக்கும் நடுவே இறுக்கி, டக் டக்கென்று கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு அடுத்ததற்கு வரும்.

சரி, அணில். இங்கே இருப்பது நம் முதுகில் கோடு போட்ட அணில் இல்லை, பூனைக்குட்டி அளவு. கறுப்பும் சாம்பலும் ஒரே இனம்தான், அட்டகாசமும் ஒன்றுதான். கம்பத்தில் எண்ணெய், கிரீஸ் பூசாதீர்கள், இறகில் ஒட்டினால் குருவிக்குத்தான் ஆபத்து. கவிழ்த்த புனல் மாதிரியான தடுப்பு ஒன்றைக் கம்பத்தில் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் மாட்டி, கம்பத்தையே மரம், வேலி, கூரை எல்லாவற்றிலிருந்தும் 10 அடியாவது தள்ளி நட்டுவிடுங்கள். காசு செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள். மிளகாய்த்தூளும் வேலை செய்யும், பறவைக்கு அந்த உறைப்புத் தெரியாது, அணிலுக்குத் தெரியும். ஆனால் காற்றடித்த நாளில் நான் தூவியது என் கண்ணில்தான் விழுந்தது.

மரங்கொத்திக்காக மாட்டும் கொழுப்புக்கட்டியை ஸ்டார்லிங் என்ற கறுப்புப் பறவைக் கூட்டம் ஒரே நாளில் காலி செய்கிறதா? கட்டியை வைக்க, அடிப்பக்கம் மட்டும் திறந்த கம்பிக்கூடு விற்கிறார்கள். மரங்கொத்தி தலைகீழாகத் தொங்கித் தின்னும், ஸ்டார்லிங்குக்கு அது சிரமம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தீனிக்குழாயைக் கழுவுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே விதை. இல்லையென்றால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும்.

கூப்பர்ஸ் ஹாக் என்ற வல்லூறு வேலியில் வந்து உட்கார ஆரம்பித்தால் விரட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வையுங்கள், குருவிகள் பட்டினி கிடக்காது, அவற்றுக்கு வேறு இடங்களும் உண்டு. வல்லூறு போனபின் திரும்ப மாட்டுங்கள். என் வீட்டில் முதலில் வந்து பார்ப்பது சிக்கடீதான்.