சிபியு சும்மா இருந்தது, சர்வர் செத்துப்போனது

ராத்திரி 2 மணி வாக்கில் எங்கள் பில்லிங் சர்வர் அடிக்கடி படுத்துவிடும். கிளவுட் பேனலில் பார்த்தால் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. நெட்வொர்க், டிஸ்க் எல்லாம் சமர்த்து. மெமரி கிராஃப் மட்டும் அங்கே கிடையாது. மெஷினுக்குள்ளே எவ்வளவு மெமரி தின்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. உள்ளே ஒரு ஏஜென்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், உட்கார்ந்து சொல்ல வேண்டும். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்படிப்பட்ட ஏஜென்டான நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுவினேன். அது சொல்வதைச் சேகரித்து வைக்கும் பிரோமிதியஸை முதலில் அதே பில்லிங் சர்வரில்தான் போட்டேன். மடத்தனம்! சர்வர் விழுந்தபோது சாட்சியும் சேர்ந்து விழுந்தது. தனியாக ஒரு சின்ன மெஷினுக்கு மாற்றி, நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100 போர்ட்டை அதற்கு மட்டும் திறந்துவிட்ட பிறகுதான் படம் தெளிந்தது: 1:50-லிருந்து காலி மெமரி படி இறங்குவதுபோலக் குறைகிறது. லினக்ஸ் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி-மெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி". பேக்கப் ஸ்கிரிப்ட் மொத்த ஃபைலையும் மெமரியில் ஏற்றிக்கொண்டிருந்தது. எழுதிய புண்ணியவான் நான்தான். துண்டு துண்டாகப் படிக்கும்படி மாற்றினேன், அடங்கியது.

அலர்ட்டில் இன்னொரு கூத்து. முழுக்கச் சும்மா கிடக்கும் மெமரியை மட்டும் சொல்லும் 'மெம்ஃப்ரீ'யை வைத்ததால் விடிய விடிய போன் அலறியது. லினக்ஸ் காலியிடத்தை கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததன் தற்காலிக நகலுக்கு) எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். அதையும் கணக்கில் எடுப்பது 'மெம்அவைலபிள்'தான். அது 10 சதவீதத்துக்குக் கீழே 5 நிமிடம் நின்றால் மட்டும் அலர்ட் என்று வைத்திருக்கிறேன். இந்த மாதம் ஒரே ஒரு தடவை அடித்தது, அதுவும் நிஜமான பிரச்சினைக்கு.