சிறிய மெக்கானிக்கல் கேமிங் விசைப்பலகை: தேர்வும் அமைப்பும்

சிறிய விசைப்பலகை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விசைக்கு அடியிலிருக்கும் சுவிட்சின் நிறத்திலும் விளக்கொளியிலும்தான் முதலில் கண் வைக்கிறார்கள். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ள வழியுண்டு. இல்லாத விசையை மட்டும் எந்த மென்பொருளாலும் பலகையில் முளைக்கவைக்க முடியாது. ஆகவே, இப்போதிருக்கும் பலகையில் எந்தெந்த விசைகளை விரல் தேடிப் போகிறது என்று ஒரு வாரம் குறித்துவைப்பதே முதல் வேலை.

104 விசைகள் கொண்ட முழு அளவுப் பலகை ஏறத்தாழ 44 செ.மீ. அகலமிருக்கும். எண் பகுதியை நீக்கினால் மிஞ்சுவது 87 விசைகள். இதை டிகேஎல் (டென்கீலெஸ், அதாவது எண் பகுதி இல்லாதது) என்பார்கள். 60 சதவீதப் பலகையில் 61 விசைகளே இருப்பதால் அகலம் 29 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது, மிச்சமாகும் இடம் முழுவதும் மவுஸுக்குப் போவதால், சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவைத்துக் கையை வீசி ஆடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அம்புக்குறிகள், எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள எஃப் வரிசை, டெலீட் எல்லாம், மற்றொரு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய எஃப்என் விசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. இடது மேல் மூலையில் எஸ்கேப் வந்து உட்கார்ந்துவிடுவதால், பல விளையாட்டுகளில் கன்சோலைத் திறக்கும் டில்டே (~) விசைக்குக்கூட இரண்டு விரல் வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், முதன்முறை வாங்குகிறவருக்கு 65 சதவீதமே பொருத்தம்: ஒரு விசைக்குரிய இடம் 19.05 மி.மீ.; அந்த ஒரே ஒரு விசையின் அகலத்தைக் கூடுதலாக விட்டுக்கொடுத்தால் நான்கு அம்புக்குறிகளும் திரும்பக் கிடைத்துவிடும். எஃப் வரிசை இல்லாமல் முடியாது என்பவர்கள் 75 சதவீதத்துக்குப் போகலாம்.

அடுத்தது சுவிட்ச். செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற லீனியர் வகை தங்குதடையின்றி இறங்கி, 2 மி.மீ. ஆழத்தில், 45 சென்டிநியூட்டன் அழுத்தத்தில் பதியும். பிரவுன் போன்ற டாக்டைல் வகை நடுவில் ஒரு சிறு மேட்டை விரலுக்கு உணர்த்தும். புளூ போன்ற கிளிக்கி வகை சத்தமும் எழுப்பும், மைக்கைத் திறந்துவைத்து ஆடினால் கூட்டாளிகளின் காதும் புண்ணாகும். 1.2 மி.மீ. ஆழத்திலேயே பதியும் ஸ்பீடு சில்வர் வேகமானதுதான் என்றாலும், சும்மா வைத்த விரலின் கனத்துக்கே விளையாட்டில் குண்டு கையிலிருந்து நழுவிவிடும் என்பதை மறக்கக் கூடாது. காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் பலகைகளில் இந்த ஆழத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். அவற்றில் எதிரெதிர்த் திசை விசைகள் (ஏ, டி போல) ஒன்றாக அழுந்தும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் தானாக எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடும்போது அதை அணைத்துவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் அந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தன் சர்வர்களில் அதற்குத் தடை விதித்துவிட்டது.

ஹாட் ஸ்வாப் பலகையில் பற்றவைப்பு இல்லாமலே சுவிட்சைக் கழற்றி மாட்டலாம். இரண்டு செம்புக் கால்களும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, பலகையின் அடிப்பக்கத்தில் சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொண்டு, செங்குத்தாக அழுத்த வேண்டும். அவசரத்தில் சாய்த்து அழுத்திய ஒரு சுவிட்சின் கால் அப்படியே மடங்கிக்கொள்ள, பலகையே பழுது என்று நினைத்து நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். சாமணத்தால் நிமிர்த்தியதும் விசை வேலை செய்தது. செம்புக் கால்களோடு பிளாஸ்டிக் கால்களையும் சேர்த்து எண்ணும் ஐந்து கால் சுவிட்ச் மூன்று கால் பலகையில் நேரடியாக உட்காராது என்பதால், வாங்கும்போதே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை வந்ததும் ஷிஃப்ட், டபிள்யூ, டி, ஸ்பேஸ் நான்கையும் ஒன்றாக அழுத்தி, நான்கும் பதிகின்றனவா என்று விசைச் சோதனைப் பக்கம் ஒன்றில் பார்க்கவும். ஒவ்வொரு விசைக்கும் தனி டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) இருந்தால் அழுத்தாத விசை பொய்யாகப் பதியாது. போலிங் ரேட், அதாவது பலகை கணினிக்குத் தகவல் அனுப்பும் வேகம், 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை தகவல் போகிறது. அதற்கு மேல் 8000 ஹெர்ட்ஸுக்காக மட்டும் கூடுதல் பணம் தருவது வீண் என்பதே என் எண்ணம்.

கடைசியாக, எஃப்என்னோடு சேர்த்து அழுத்தும் விசைகளின் அடுக்கில் அம்புக்குறிகளையும் டெலீட்டையும் வலக்கை விரல்கள் இயல்பாக எட்டும் விசைகளில் வைத்து, அமைப்பைப் பலகையின் நினைவகத்திலேயே சேமித்து, மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் செருகிச் சரிபார்த்துக்கொள்ளவும்.